சட்டையோடு சட்டையாக: ஸ்கேல் ஃபிகர்களில் டீகால் ஒட்டும் வேலை

விமான மாடலின் இறக்கையில் டீகால் (தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய அச்சுப் படம்) ஒட்டிப் பழகிய கை, 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காகச் செய்த சிப்பாய் பொம்மையின் தோளில் அதே வேலையைச் செய்யப் போனால் முதல் தடவை பெரும்பாலும் கோட்டை விடும். இறக்கை என்பது தகடு. ஃபிகரில், அதாவது ஆள் பொம்மையில், கண்ணுக்குப் பட வேண்டியது துணி. தோளில் இருக்கும் படைச் சின்னம் துணியில் தைத்தது. ஜெர்சி நம்பர் துணியில் சூடு வைத்து அழுத்தியது. சட்டை மடிகிற இடத்தில் அதுவும் மடிய வேண்டும், சட்டையில் நிழல் விழுகிற இடத்தில் அதுவும் இருள வேண்டும். டீகாலை நனைத்து வழுக்கி வைப்பது ஐந்து நிமிட வேலைதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிறது. ஆளாளுக்கு அவசரப்படுவதும் அங்கேதான்.

முதலில் அளவு. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/35-ல் 50 மி.மீ., 1/16-ல் 109 மி.மீ. நிஜத்தில் 7 செ.மீ. உயரமுள்ள தோள் சின்னம் 1/35-ல் சரியாக 2 மி.மீ. ஆகிவிடும். தடிமனையும் இதே கணக்கில் பாருங்கள். டீகால் ஃபிலிம் 0.01 மி.மீ. இருந்தால் அது 1/35-ல் 0.35 மி.மீ. துணிக்குச் சமம், உறுத்தாது. வீட்டில் அச்சடித்து நாலைந்து கோட் கிளியர் அடித்து 0.05 மி.மீ. ஆக்கிவிட்டால் அது 1.75 மி.மீ.; சிப்பாயின் தோளில் செருப்புத் தோலை ஒட்டிய மாதிரி இருக்கும். ஃபிகரைப் பொறுத்தவரை ஒவ்வொரு கோட்டும் எண்ணி அடிக்க வேண்டியது.

வாட்டர் ஸ்லைடு டீகால் மூன்று அடுக்கு: கீழே தாள், அதன் மேல் தண்ணீரில் கரையும் டெக்ஸ்ட்ரின் பசை, அதன் மேல் மெல்லிய வார்னிஷ் ஃபிலிமும் மையும். நனைத்தால் பசை இளகி, ஃபிலிம் தாளைவிட்டு நழுவும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் மணல்தாள் போலக் கரடு. அந்தக் குழிகளில் காற்று மாட்டிக்கொண்டால் ஒளி சிதறி, ஃபிலிமின் தெளிவான பகுதி வெள்ளி பூத்தது போல் மினுக்கும். மேலே எத்தனை மேட் வார்னிஷ் அடித்தாலும் அது போகாது, ஏனென்றால் கோளாறு அடியில். ஆகவே டீகால் வரும் இடத்தை முன்கூட்டியே பளபளப்பாக்கியே தீர வேண்டும்.

விமானத்துக்கு முழு உடம்புக்கும் பளபளப்பு வார்னிஷ் அடிப்பார்கள். ஃபிகருக்கு அது வேண்டாம் என்பேன். முகம், கை, பெல்ட் எல்லாம் பளபளத்து, பிறகு எல்லாவற்றையும் மேட்டுக்குக் கொண்டுவர இன்னொரு கோட் அடித்து, நுணுக்கமாகச் செதுக்கிய பொத்தானும் தையல் கோடும் மழுங்கிப் போகும். சின்னம் வரும் இடத்திலும் அதைச் சுற்றி 1 மி.மீ. ஓரத்திலும் மட்டும் பிரஷ்ஷால் இரண்டு மெல்லிய கோட் போதும். டாமியா எக்ஸ்-22 ஏர்பிரஷ்ஷில் அருமையான சரக்கு. ஆனால் பிரஷ்ஷில் தடவினால் அடியிலுள்ள டாமியா அக்ரிலிக் பெயின்ட்டையே கரைத்து இழுத்துவிடும். பிரஷ் வேலைக்கு வயேஹோ போன்ற, தண்ணீரில் கலக்கும் பளபளப்பு வார்னிஷ்தான் சரி. முதல் கோட் காய்ந்ததும் பொம்மையைச் சாய்த்து விளக்கில் பாருங்கள். விளக்கின் பிம்பம் ஓரம் கலையாமல் தெரிந்தால் பரப்பு தயார். பொரிப்பொரியாகத் தெரிந்தால் இன்னொரு கோட்.

காய விடுகிற விஷயத்தில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை வடசென்னையில் அப்படியே நம்பக் கூடாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். வெயில் ஏற ஏறக் குறைந்து, மதியம் கடல்காற்று ஏறியதும் மறுபடி பிசுபிசுப்பு வந்துவிடும். மழை இல்லாத நாளில் காலை பத்தரையிலிருந்து கடல்காற்று கிளம்பும் வரைதான் லாக்கர், அதாவது வேகமாகக் காயும் தின்னர் வகை வார்னிஷ், அடிக்க நல்ல நேரம். அதற்கு வெளியே அடித்தால் என்ன ஆகும்? லாக்கரிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனி போலப் படியும். வார்னிஷ் அந்த ஈரத்தோடு உறைந்து, பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும். அப்படி வெளுத்துவிட்டால் ஈரமில்லாத நாளில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மிக லேசாக ஒரு தடவை ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே டப்பாவைத் தொட வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 24 மணி நேரம் என்று போட்டிருந்தால் ஒன்றரை நாள் விடுவது நல்லது.

தண்ணீரும் இங்கே ஒரு பிரச்சினை. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் நனைத்த டீகால் காய்ந்தபின் ஓரத்தில் வெள்ளை வளையம் நிற்கும். ஃபிலிமுக்கு அடியில் சிக்கிய உப்பு வெளியே வரவே வராது. கேன் தண்ணீர் பரவாயில்லை. அதைவிடச் சிறந்தது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். கைபொறுக்கும் வெதுவெதுப்பு போதும். கத்திரி வெயில் நாளில் மாடி டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை முழுக்கக் கரைந்து ஓடிவிடும், டீகால் வெறும் ஃபிலிமாக மிதக்கும்.

இனி வெட்டுவது. 1/35-ல் இரண்டாம் உலகப் போர்க்கால இந்தியச் சிப்பாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 5-வது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். 4-வது டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு. பழகுவதற்குச் சதுரச் சின்னம் நல்லது, நாலு நேர் வெட்டு போதும். கண்ணாடித் துண்டின் மேல் தாளை வைத்து, புதுப் பிளேடின் நுனியால் கறுப்பின் ஓரத்தை ஒட்டியே வெட்ட வேண்டும். இழுத்து வெட்டினால் ஓரம் பிசிறும், சில சமயம் மை செதிலாகப் பெயரும். பிளேடை மேலிருந்து கீழே அழுத்தி, நாலு பக்கமும் நாலு அழுத்து. தெளிவான ஃபிலிம் ஓரத்தில் எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு வெள்ளி பூக்க இடம் குறைவு. வெட்டு முகத்தில் சில சமயம் வெள்ளைக் கீற்று தெரியும். அந்த ஓரத்தில் கறுப்புப் பெயின்ட்டை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தீற்று தீற்றினால் மறைந்துவிடும். இதை ஒட்டிய பிறகு செய்வது சுலபம்.

2 மி.மீ. துண்டைத் தண்ணீருக்குள் போட்டால் தேட வேண்டிவரும். இடுக்கியால் தாளின் மூலையைப் பிடித்து 10 விநாடி நனைத்து, டிஷ்யூ மேல் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். தாள் ஊறி, பசை தானாக இளகும். மின்விசிறி ஓடக் கூடாது. வேர்வைக் கையால் பளபளப்புப் பரப்பைத் தொடவும் கூடாது, கைரேகையின் எண்ணெய் இருக்கும் இடத்தில் டீகால் பிடிக்காது. ஒட்டும் இடத்தில், டீகால் பிடிக்க உதவும் திரவமான மைக்ரோ செட் அல்லது மிஸ்டர் மார்க் செட்டர் ஒரு சொட்டு. முன்னதில் நீர்த்த அசிட்டிக் அமிலம் இருக்கிறது. பின்னதில் பசையும் கலந்திருக்கும். தாளைவிட்டு வந்த சின்னத் துண்டுகளுக்கு அந்தப் பசை உதவி. இரண்டும் கையில் இல்லாத நாளில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஓரளவுக்குக் கைகொடுக்கும். தாளைத் தோளுக்கு ஒட்டிப் பிடித்து, ஈரப் பிரஷ்ஷின் நுனியால் டீகாலைத் தள்ளுங்கள். இடுக்கியால் டீகாலைத் தூக்க வேண்டாம். சொட்டில் மிதக்கும்போதே கோணம் பார்த்துத் திருத்திவிட்டு, டிஷ்யூவின் முனையை ஓரத்தில் தொட்டு நீரை உறிஞ்ச விடுங்கள். நடுவிலிருந்து வெளியே ஒற்ற வேண்டும். துடைத்தால் சின்னம் டிஷ்யூவோடு வந்துவிடும்.

படை உருவங்களில் தப்பு அதிகம் நடப்பது, பதவியைக் காட்டும் V வடிவப் பட்டைகளின் திசையில். நம் ராணுவத்தில் நாயக், ஹவில்தார் பட்டைகளின் கூர்முனை கீழ் நோக்கி இருக்கும். லான்ஸ் நாயக்குக்கு 1, நாயக்குக்கு 2, ஹவில்தாருக்கு 3. அமெரிக்கச் சிப்பாய்களின் டீகால் தாளில் கூர்முனை மேலே பார்க்கும். நனைத்த அவசரத்தில் தலைகீழாக ஒட்டிவிடாமல் இருக்கத் தாளின் பின்பக்கம் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

இப்போது மடிப்புள்ள பரப்பு. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து மைதானங்களில் ஓடும் பையன்களைப் போல 1/16-ல் ஒரு கால்பந்து வீரர், முதுகில் 10. நிஜ ஜெர்சியில் நம்பர் 25 செ.மீ. உயரம் என்றால் இங்கே 15.6 மி.மீ. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒரு பள்ளம், இடுப்புக்கு மேல் குறுக்கே இரண்டு மூன்று மடிப்பு. 1-இன் அடிப்பாகம் போய் உட்காருவது அந்த மடிப்பின் மேல்தான். ஒரே துண்டாக வைத்தால் ஃபிலிம் மடிப்பின் மேடு மேல் பாலம் போட்டு, பள்ளத்தில் காற்றோடு நிற்கும்.

வைப்பதற்கு முன் 1-ஐயும் 0-வையும் தனித்தனியாக வெட்டுங்கள். மாஸ்கிங் டேப்பில் நம்பரின் உயரத்தையும் நடுக்கோட்டையும் குறித்து முதுகில் ஒட்டிப் பார்த்தால் எந்த மடிப்பு எங்கே வெட்டும் என்று தெரிந்துவிடும். டீகால் உட்கார்ந்து, நீர் உறிஞ்சி, பத்து நிமிடம் கழிந்த பிறகு, ஃபிலிமை இளக்கும் திரவமான மைக்ரோ சால் அல்லது மிஸ்டர் மார்க் சாஃப்டர் தடவ வேண்டும். டாமியா டீகால் கொஞ்சம் தடிமன். அதற்கு மார்க் ஃபிட்டில் ஸ்ட்ராங் என்ற வகை பொருந்தும். தடவிய ஓரிரு நிமிடத்தில் டீகால் சுருங்கிக் காய்ந்த அப்பளம் போல நெளியும். பார்த்தால் பதற்றமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் விரலோ பிரஷ்ஷோ பட்டால் கிழிந்துவிடும். ஃபிலிம் அப்போது கிட்டத்தட்டக் கூழ். தானாக இளகி, பரப்பின் மேடு பள்ளத்துக்கு இறங்கிக் காயும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளத்தில் இன்னும் வெள்ளைக் கோடு இருந்தால், புதுப் பிளேடால் மடிப்பின் ஆழமான கோட்டின் நீளத்துக்கே ஒரு கீறல் போட்டு, மறுபடி சாஃப்டர். குமிழ் மட்டும் என்றால் ஊசியால் இரண்டு மூன்று குத்து, அதன் மேல் ஒரு சொட்டு. மூன்று நான்கு சுற்று ஆகும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுசாகக் காய வேண்டும். அவசரத்தில் ஈரத்தின் மேல் ஈரமாக ஊற்றினால் சாஃப்டர் அடியில் தேங்கி வார்னிஷ்ஷையும் பெயின்ட்டையும் சேர்த்துக் கரைக்கும். கீறிய இடத்தில் நம்பரின் நிறம் மயிரிழை விலகியிருந்தால் அதே நிறப் பெயின்ட்டால் நிரப்பிவிடலாம்.

மறுநாள், பேட்டரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் டீகாலைச் சுற்றித் தடவி, மிச்சமிருக்கும் பசையையும் சாஃப்டர் கறையையும் எடுங்கள். இதை விட்டால் ஒரு மாதத்தில் பழுப்புத் திட்டு தெரியும். பிறகு மெல்லிய வார்னிஷ் ஒரு கோட். பொம்மையைக் கவிழ்த்த ஸ்வீட் டப்பாவுக்குள் காய வையுங்கள். தெருவைப் பார்த்த ஜன்னல் என்றால் லாரிப் புழுதி வந்து உட்கார அரை மணி நேரம் போதும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல் வரும் வேலையை. நன்றாக ஒட்டிய டீகாலோடு நிறுத்திவிட்ட ஃபிகர்கள் ஏராளம், எல்லாவற்றிலும் நம்பர் சட்டையிலிருந்து தனியாக முன்னால் வந்து நிற்கும். காரணம் எளிது. சட்டைக்கு நிழலும் வெளிச்சமும் போட்டிருப்பீர்கள்; டீகால் ஒரே நிறம். நிழல் விழும் மடிப்பில் சட்டை கருநீலம், அதே மடிப்பில் நம்பர் மட்டும் பளிச் வெள்ளை என்றால் கண் நம்பாது. வெள்ளை நம்பருக்கு மேல், சட்டையின் நிழல் நிறத்தோடு கொஞ்சம் சாம்பல் சேர்த்து, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு எட்டு முதல் பத்து பங்கு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, மடிப்பின் பள்ளத்தில் மட்டும் இழுங்கள். முதல் தடவை ஒன்றுமே தெரியாது. மூன்றாவது தடவையில் நம்பர் மெல்ல மடியத் தொடங்கும். சட்டையிலிருந்து நம்பருக்குள் போய் மறுபக்கம் சட்டைக்கே வரும்படி ஒரே இழுப்பாக இழுத்தால்தான் நிழல் இரண்டுக்கும் பொதுவாகும். மடிப்பின் மேட்டில் மட்டும் சுத்த வெள்ளையைத் தொட்டு வையுங்கள். கடைசியாக மேட் வார்னிஷ். அது காய்ந்த பிறகு டீகாலின் ஓரத்தைத் தேடினால் கிடைக்கக் கூடாது.

மாடல் பெட்டியோடு வராத குறி வேண்டும் என்றால் அச்சடிக்க வேண்டியதுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் யானைச் சின்னம், உள்ளூர்க் கிளப்பின் பெயர், தமிழில் பெயர்ப் பட்டை எதுவும் தயாராக வராது. டீகால் தாளில் இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று என இரு வகை. இங்க்ஜெட் தாளை லேசர் மெஷினில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் ஃபிலிம் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் அச்சுக் கடைக்குத் தாளை எடுத்துப் போவதானால் லேசருக்கானது என்று போட்ட உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். தெரியாத தாளை மெஷினில் விட எந்தக் கடைக்காரரும் தயங்குவார், அது நியாயம். கை வழியாகச் செருகும் தட்டில் விடச் சொல்லுங்கள், தாள் வளையாமல் நேராகப் போகும். ஒவ்வொரு குறியும் குறைந்தது மூன்று நகல். இங்க்ஜெட் அச்சு என்றால் ஒரு நாள் காய வைத்து, 25–30 செ.மீ. தூரத்திலிருந்து கிளியர் லாக்கரை மூடுபனி போல இரண்டு மூன்று கோட், நடுவில் அரை மணி நேரம். முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் மை ஓடும். அடிக்காமல் விட்டால் தண்ணீரில் போட்டதும் மை கரைந்துவிடும். வீட்டு அச்சுக்குக் கடுமையான சாஃப்டர் ஆகாது, மிச்சத் துண்டில் பரீட்சை பார்த்துவிட்டே தொடுங்கள்.

சாதாரண பிரிண்டர் வெள்ளையை அச்சடிக்காது. தெளிவான தாளில் மஞ்சள் எழுத்து அச்சடித்துக் கரும்பச்சைச் சட்டையில் ஒட்டினால் எழுத்து மூழ்கிவிடும். வெள்ளைத் தாளில் பின்னணிக்குச் சட்டை நிறத்தையே அச்சடிக்கலாம். நிறம் ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. எனக்குப் பிடித்த வழி, சின்னம் வரும் இடத்தில் அதைவிட மயிரிழை சிறியதாக வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன் மேல் தெளிவான டீகாலை ஒட்டுவது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. நிஜத்தில் 1 செ.மீ. உயர எழுத்துள்ள பெயர்ப் பட்டை 1/16-ல் 0.6 மி.மீ. ஆகும், அதாவது உயரத்துக்கு 15 புள்ளிதான். மூன்று சுழி ண-வுக்குக் குறுக்கே ஐந்தாறு கோடும் அவற்றுக்கிடையே இடைவெளியும் வேண்டும். டோனர் கொஞ்சம் பரவியதும் சுழிகள் அடைத்து வெறும் கட்டையாகிவிடும். ஐ, ஞ, கொம்புச் சுழி எல்லாம் இதே கதி. 1.2 மி.மீ. உயரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் பரவாயில்லை. கோடுகள் ஒரே தடிமனாக உள்ள எழுத்துருவாக எடுத்து, எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டுங்கள். முதலில் காணாமல் போவது புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் ‘முருகன்’ என்று அடித்தது ‘முருகன’ என்று நிற்கும், அல்லது புள்ளி ன-வின் தலையோடு ஒட்டி ஒரு தடிப்பாகத் தெரியும். அச்சடிக்கும்போது புள்ளியை எடுத்துவிட்டு, டீகால் உட்கார்ந்து காய்ந்த பிறகு ஊசி முனையில் பெயின்ட்டைத் தொட்டு வைப்பதுதான் சுத்தமான வழி.

தேய்த்து ஒட்டும் டிரை டிரான்ஸ்ஃபரில் ஃபிலிம் கிடையாது, வெள்ளியும் பூக்காது. ஹெல்மெட், பெட்டி, பதாகை போன்ற கெட்டிப் பரப்புக்கு அருமை. மடிப்புள்ள சட்டைக்கு நேராகத் தேய்த்தால் எழுத்து விரிசல் விடும். அதனால் வெற்று டீகால் ஃபிலிமில் முதலில் தேய்த்து ஒட்டி, அதை வாட்டர் ஸ்லைடு போலவே பயன்படுத்தலாம்.

மிச்சத் தாள்களை ஜிப் கவரில் சிலிகா ஜெல்லோடு, நடுவில் மெழுகுத் தாள் வைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே இரண்டு தாளும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளான தாளைக் கவரோடு ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டினால் நம் வெயிலுக்குச் சில நாளில் வெளுத்துவிடும். பழைய தாள் என்றால், தேவைப்படாத ஒரு குறியை முதலில் நனைத்துப் பாருங்கள். துண்டு துண்டாகப் போனால் மீதித் தாள் முழுக்க கிளியர் லாக்கர் ஒரு கோட் அடித்துக் காய வைத்தபின் ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும், தாள் முழுக்க இப்போது ஒரே ஃபிலிம்.

ஒட்டியது கோணலாகிவிட்டால், காயும் முன் அடியில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்து நகர்த்தலாம். காய்ந்துவிட்டால் சாஃப்டரில் நனைத்த டிஷ்யூவைப் பத்து நிமிடம் மேலே போட்டுவிட்டு பட்ஸால் உருட்டினால் வந்துவிடும், அடியிலுள்ள வார்னிஷ் கொஞ்சம் போகும். மேலே வார்னிஷ் அடித்து மூடிய பிறகு என்றால், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.